ஒரு வருட அவகாசம்

பிப்ரவரி 14 குறித்து நம் இலக்கியப் பத்திரிகைகள் மௌனம் சாதிப்பதில் ஒரு கௌரவப் பிரச்னை இருக்கிறது. அது ரோஜாப்பூ வியாபாரிகளின் விவகாரம், சினிமாக்காரர்களின் விவகாரம், அல்லது அதை எதிர்த்துத் தெருவில் இறங்குகிற கலாச்சாரக் காவலர்களின் விவகாரம். கவிதை, விமர்சனம் என்று இருப்பவனுக்கு அதில் என்ன வேலை என்பது பொதுவான எண்ணம். எனக்கு அப்படிப் படவில்லை. நமக்குத் தெரிந்தவரை இந்தத் தினத்தைக் காதலோடு முடிச்சுப் போட்டவன் ஒரு கவிஞன். அதைக் கடைக்காரனிடமும் காவலனிடமும் விட்டுவிட்டு ஒதுங்குவது சொந்த நிலத்தை நாமே புறம்போக்கு என்று எழுதிக் கொடுப்பது போலத்தான்.

இன்று களத்தில் இருப்பவை இரண்டு கட்சிகள். ஒரு கட்சியின் கையில் ரோஜா. ஓசூர்ப் பக்கத்தில் பாலிதீன் கூரைகளின் கீழ் வளர்ந்து, பிப்ரவரி முதல் வாரத்தில் பெட்டி பெட்டியாக வெளிநாடு போனது போக மீதி நம் ஊர் பஸ் ஸ்டாண்டுக்கும் வந்து சேர்கிறது. மற்றக் கட்சியின் கையில் தாலி. 2009-ல் கர்நாடகத்தின் ஸ்ரீராம சேனை, அன்று வெளியில் ஜோடியாகத் தென்படுகிறவர்களுக்கு அங்கேயே கல்யாணம் செய்து வைக்கப்போவதாக, மஞ்சள் கிழங்கும் தாலியுமாக அறிவித்தது. தமிழ்நாட்டில் நாய்க்கும் கழுதைக்கும் கல்யாணம் நடத்தி எதிர்ப்புத் தெரிவித்தார்கள். 2023-ல் மத்திய அரசின் விலங்குகள் நல வாரியம் அன்றைய தினத்தைப் பசுவைக் கட்டியணைக்கும் தினமாகக் கொண்டாடச் சொல்லி, கேலி பொறுக்காமல் சில நாட்களிலேயே வேண்டுகோளை வாபஸ் வாங்கிக்கொண்டது.

இவை எதிரெதிர்க் கட்சிகள் என்று நினைக்கிறோம். ஆனால் இரண்டும் ஒரே அவசரத்தில் இருக்கின்றன. ரோஜா நீட்டுகிறவனுக்கு இன்றைக்குள் பதில் வேண்டும். தாலி நீட்டுகிறவனுக்கு இன்றைக்குள் முடிவு வேண்டும். இருவருக்கும் பொதுவான சொல் 'இப்போதே'. இந்தத் தினத்தின் மூலத்தைத் தேடிப் போனால் அங்கே கிடைப்பது இதற்கு நேர் எதிரான சொல்.

வாலண்டைன் என்ற பாதிரியார், போர்வீரர்கள் கல்யாணம் செய்துகொள்ளக் கூடாது என்ற ரோமச் சக்கரவர்த்தியின் ஆணையை மீறி ரகசியமாகக் கல்யாணம் நடத்தி வைத்துத் தலை இழந்தார் என்ற கதை ஒவ்வொரு பிப்ரவரியிலும் தினசரிகளில் வரும். சரித்திர ஆதாரம் இல்லாத கதை. அந்தப் பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட புனிதர்கள் இருந்திருக்கிறார்கள். யாரைப் பற்றியும் உறுதியாகத் தெரிந்தது சொற்பம். 1969-ல் கத்தோலிக்கத் திருச்சபை தன் பொது நாட்காட்டியிலிருந்து அவர் திருநாளை எடுத்துவிட்டது. ரோமாபுரியின் லூப்பர்கேலியா என்ற பழைய விழாதான் பெயர் மாறி இப்படி வந்தது என்பதும் பிற்காலத்தவர் ஊகம். இப்படிக் கதை கட்டுவது நமக்கும் புதிதல்ல. நான் வேலை பார்க்கும் காவேரிப்பாக்கத்துக்குப் பல்லவர் காலத்தில் அவனிநாராயண சதுர்வேதிமங்கலம் என்று பெயர்; மூன்றாம் நந்திவர்மனின் பட்டப் பெயரால் வந்தது. அந்த நந்திவர்மன் கலம்பகம் கேட்டு முடிக்கும் ஆசையில் எரியும் பந்தலுக்குக் கீழ் உட்கார்ந்து உயிர்விட்டான் என்று ஒரு கதை உண்டு. கல்வெட்டில் இல்லாத அந்தக் கதைதான் எல்லோருக்கும் ஞாபகமிருக்கிறது. இங்கும் அங்கும் மூலக்கதையைச் செய்தது கவிதைதான், அல்லது கவிதை மேல் ஜனங்கள் வைத்த ஆசை.

வாலண்டைன் விஷயத்தில் அந்தக் கவிதை ஜெஃப்ரி சாஸருடையது. 1380களை ஒட்டி எழுதிய 'பறவைகளின் பாராளுமன்றம்'. பி.ஏ. ஆங்கிலம் படித்தவர்கள் நோட்ஸிலாவது இதைக் கடந்திருப்பார்கள். புனித வாலண்டைன் தினத்தன்று பறவைகள் எல்லாம் ஜோடி தேர்ந்தெடுக்க இயற்கைத் தேவியின் முன் கூடுகின்றன. ஒரு பெண் கழுகு. அதை வேண்டி மூன்று ஆண் கழுகுகள். மூன்றும் தத்தம் அன்பின் ஆழம் பற்றி வக்கீல்கள் மாதிரி வாதாடுகின்றன. வாத்தும் குயிலும் பொறுமையிழந்து, சீக்கிரம் முடியுங்கள் என்று கூச்சல் போடுகின்றன. தேவி முடிவைப் பெண் கழுகிடமே விடுகிறாள். பெண் கழுகு மூன்றில் ஒன்றையும் தேர்ந்தெடுக்கவில்லை. யோசிக்க ஒரு வருட அவகாசம் கேட்கிறது. அவகாசம் கிடைக்கிறது. மற்றப் பறவைகள் தத்தம் ஜோடியோடு பாடிக்கொண்டு கலைகின்றன. கதை அவ்வளவுதான்.

ஆங்கிலத்தில் இந்தத் தினத்தின் முதல் பெரிய கவிதையில் மையமாக நடப்பது காதல் ஒப்புதல் அல்ல, ஒத்திவைப்பு. இதை நம் கல்லூரி வகுப்புகள் நகைச்சுவை என்றும் அரசவைச் சம்பிரதாயம் என்றும் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடும். எனக்கு இதுதான் கவிதையின் உயிர் என்று படுகிறது. எல்லாப் பறவைகளும் சத்தம் போட்டு அவசரப்படுத்துகிற ஒரு சபையில், ஒரு பெண் 'இப்போது இல்லை' என்று சொல்லி, அதற்காகத் தண்டிக்கப்படாமல் வீடு திரும்புகிறாள்.

1986-ல் ஹென்றி ஆன்ஸ்கர் கெல்லி என்ற ஆராய்ச்சியாளர், பிப்ரவரி நடுவின் குளிரில் இங்கிலாந்தில் பறவைகள் ஜோடி சேர்வது பொருந்தவில்லை, எனவே சாஸர் சொன்னது மே மாதத்தில் வருகிற ஜெனோவா நகரத்து வேறொரு வாலண்டைனாக இருக்கவேண்டும் என்று வாதிட்டார். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் ஏரியில் பொருந்தும். வாலாஜா அணைக்கட்டில் பாலாற்றிலிருந்து திருப்பிய தண்ணீர் கால்வாய் வழியாக வந்து, மழை சரியாகப் பெய்த வருடங்களில் தை, மாசியில் ஏரி நிறைந்து கிடக்கும். உபரி போகிற வழிதான் கொசஸ்தலை ஆறு. வேடந்தாங்கலில் குஞ்சு பொரித்து இரை தேடும் மாதங்களும் இவைதான். சாஸரின் பாராளுமன்றம் காவேரிப்பாக்கம் கரையில் கூடியிருந்தால் தேதியில் யாருக்கும் சந்தேகம் வந்திருக்காது.

அடுத்த சான்று ஒரு கடிதம். 1477 பிப்ரவரியில் நார்ஃபோக்கைச் சேர்ந்த மார்ஜரி ப்ரூஸ் என்ற பெண், ஜான் பாஸ்டன் என்பவனுக்கு எழுத்தர் ஒருவரை வைத்து எழுதியனுப்பியது. வாலண்டைன் என்று காதலனை விளித்த மிகப் பழைய ஆங்கிலக் கடிதம் இது என்று பிரிட்டிஷ் நூலகத்தில் வைத்திருக்கிறார்கள். விஷயம் என்ன? வரதட்சிணை. அப்பா சொன்ன தொகைக்கு மேல் தர மறுக்கிறார், அம்மா பேசிப் பார்த்தும் பயனில்லை. என்மேல் அன்பிருந்தால் பணம் குறைவு என்பதற்காக என்னை விட்டுவிட மாட்டாய் என்கிறாள். இந்தக் கடிதத்தைக் காதலின் வெற்றியாகக் கொண்டாடுகிறார்கள். அவர்கள் கல்யாணமும் நடந்தது. பாங்க் குமாஸ்தாவான எனக்கு அதில் படுவது வேறு. அவளுக்கென்று ஒரு பைசா இல்லை. சாஸரின் கழுகுக்குக் கிடைத்த அவகாசத்தைக் கேட்கும் நிலையில் மார்ஜரி இல்லை. அவள் காத்திருக்கிறாள், ஆனால் அந்தக் காலம் அவளுடையது அல்ல. தகப்பனும் மாப்பிள்ளை வீடும் பேரம் முடிக்க எடுத்துக்கொள்கிற காலம்.

இனி நம் பக்கம். காதலர் தினம் இறக்குமதிச் சரக்கு என்பவர்களுக்குப் பதிலாக, நம்மிடமே காமன் விழா இருந்ததே என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. 'நம்மிடமும் இருந்தது' என்கிற வாதத்தில் எனக்கு ருசியில்லை. அது எதிரியின் கேள்வியை ஒப்புக்கொண்டுவிட்டுப் பதில் தேடுவது. அந்த விழா நம் இலக்கியத்தில் எந்த இடத்தில் வருகிறது என்பதுதான் கேள்வி. பாலைக்கலியில் வருகிறது. இளவேனில் வந்துவிட்டது, விழா நாள் வந்துவிட்டது, போனவன் வரவில்லை என்கிற சந்தர்ப்பத்தில் வருகிறது. விழாவைக் கண்ணுக்குக் காட்டுவது கொண்டாடுகிறவன் அல்ல, காத்திருக்கிறவளின் பக்கம். சிலப்பதிகாரத்தில் தேவந்தி கண்ணகியிடம் புகாரின் காமவேள் கோட்டத்தைச் சொல்கிறாள்: அங்கே குளங்களில் மூழ்கித் தொழுதால் பிரிந்த கணவன் திரும்புவான். கண்ணகி, அது பெருமை தருவதல்ல என்று மறுத்துவிடுகிறாள். பிற்பாடு மதுரையை எரித்த பெண்ணின் முதல் மறுப்பு இது. பாண்டியன் சபையில் அல்ல, தன் வீட்டில், காமன் கோயிலைப் பற்றியது. ஆண்டாள் இதற்கு நேர்மாறு. நாச்சியார் திருமொழி தொடங்குவதே காமதேவனுக்கு விண்ணப்பத்தோடு. தையிலும் மாசியிலுமாக நாள் கணக்கு வைத்துக்கொண்டு நோற்கிறாள். ஒருத்தி மறுக்கிறாள், ஒருத்தி வேண்டுகிறாள். இருவருமே காலத்தைத் தங்கள் கையில் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள்.

இவை ஏட்டில் இருப்பவை. நாட்டில் மிஞ்சியிருப்பது காமன் பண்டிகை. தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமங்களில் மாசி மாதம் காமனை நட்டு, முடிவில் எரிப்பார்கள். இலங்கை மலையகத்துக்குத் தோட்ட வேலைக்குப் போனவர்கள் காமன் கூத்தையும் கூடவே கொண்டுபோனார்கள். தஞ்சைப் பக்கத்தில் இதையொட்டி லாவணி நடக்கும். எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று இரண்டு அணி. சிவனின் கண்பட்டுக் காமன் எரிந்தானா எரியவில்லையா என்று டேப் அடித்துக்கொண்டு விடிய விடிய வாதம். யாரும் கடைசியாக ஜெயிப்பதில்லை. ஜெயிக்க முடியாத விதத்தில் புராணமே அமைந்திருக்கிறது: ரதி அழுது வேண்டியதில் காமன் உயிர் பெற்றான், ஆனால் அவள் கண்ணுக்கு மட்டும் தெரிவான். தீர்ப்பை ஒத்திவைத்து, அடுத்த மாசியில் மறுபடி கூடிப் பேசுகிற ஒரு ஏற்பாட்டை நம் கிராமத்துக்காரர்கள் வைத்திருந்தார்கள். சாஸரின் பறவைகளும் ஏறக்குறைய அதைத்தான் செய்கின்றன.

பண்டிகைக்கு வெளியே அவகாசம் எப்படி இருக்கிறது என்பதும் நமக்குத் தெரியும். 2015 ஜூன் 23 அன்று திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோயிலில் உடன் படித்த பெண்ணோடு பேசிக்கொண்டிருந்த கோகுல்ராஜ் என்ற தலித் இளைஞர் கடத்தப்பட்டார். மறுநாள் ரயில் பாதையில் உடல் கிடைத்தது. 2022-ல் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. பாதி உடலைப் பெண்ணுக்குத் தந்த சாமியின் கோயிலில், பேசிக்கொண்டிருந்ததே அவர்களுக்குப் போதுமானதாயிற்று. ரோஜாவையும் தாலியையும் பற்றி நான் கேலியாகச் சொன்னதில் இருக்கிற 'இப்போதே' கடைசியில் இங்கேதான் கொண்டு வந்து விடுகிறது. இரண்டு பேர் தங்களுக்குள் என்ன என்று யோசித்து முடிப்பதற்குள் மற்றவர்கள் முடிவு செய்துவிடுகிறார்கள்.

சட்டமும் ஒரு அவகாசம் வைத்திருக்கிறது. 1954-ம் வருடத்துச் சிறப்புத் திருமணச் சட்டப்படி, மதம் மாறாமல் கலந்து கல்யாணம் செய்துகொள்ள விரும்புகிறவர்கள் நோட்டீஸ் கொடுத்து முப்பது நாள் காத்திருக்கவேண்டும். அந்த நோட்டீஸ் பெயர், விலாசத்தோடு அலுவலகப் பலகையில் எல்லோரும் பார்க்க ஒட்டப்படும். ஆட்சேபிக்கிறவர்களுக்காகத் தரப்படும் முப்பது நாள் அது. காத்திருப்பது ஜோடி, அவகாசம் மற்றவர்களுக்கு.

காவேரிப்பாக்கத்தில் விடிவதற்கு முன் ஷூ கம்பெனி பஸ்கள் வந்து நிற்கும். ராணிப்பேட்டை, ஆம்பூர் என்று இந்தத் தோல் பிரதேசம் முழுக்க இப்படித்தான்; அப்பர் தைப்பதும் ஒட்டுவதும் பெரும்பாலும் பெண்கள். பிப்ரவரி 14 அன்று அந்த பஸ்களில் ஜன்னலோரம் சில ரோஜாக்கள் தெரியும், சில பெண்கள் சிவப்புச் சுடிதாரில் இருப்பார்கள், டிரைவர் அன்று வேறு பாட்டுப் போடுவார். இதற்கு மேல் இங்கே காதலர் தினம் இல்லை. ஆனால் சம்பள நாளில் இவர்களில் சிலர் பாஸ்புக்கோடு என் கவுண்டருக்கு வருகிறார்கள். போன மாதம் அப்பாவோடு வந்து அவர் சொன்ன தொகையை எடுத்துக் கொடுத்த பெண், இந்த மாதம் தனியாக வந்து, பாதியை டெபாசிட்டில் போடமுடியுமா என்று தணிந்த குரலில் கேட்கிறாள். மார்ஜரி ப்ரூஸுக்கு இல்லாதது இது. தன் பெயரில் பணம் ஏறுகிற பெண்ணால்தான், பெண் பார்க்க வருகிறவனிடமும் ரோஜா நீட்டுகிறவனிடமும் யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்ல முடியும். சம்பளம் குறைவு, ஓவர்டைம் அதிகம் என்பதெல்லாம் உண்மை. அதையும் மீறி அந்த பாஸ்புக் ஒரு அவகாசம்.

இதை நான் புத்தகத்திலிருந்து கற்கவில்லை. 2017 பிப்ரவரி 14 அன்று, கல்லூரியில் எனக்கு ஒரு வருடம் பின்னால் படித்த, ஒரு ஷூ கம்பெனியின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்த பெண்ணிடம் என் விருப்பத்தைச் சொன்னேன். அவள், ஒரு வருஷம் டைம் வேணும் என்றாள். அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்த ஒரே ஆறுதலாகச் சாஸரின் பெண் கழுகைப் பற்றிச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அந்தக் கழுகு வேலைக்குப் போச்சா?" என்றாள். சாஸரைப் பற்றி நான் படித்த விமர்சனங்களில் இதற்கு இணையான கேள்வி ஒன்றும் இல்லை.

அன்று பாங்கில் ஆயிரம் ரூபாய்க்கு ஒரு வருட டெபாசிட் போட்டேன். அவளிடம் சொல்லவில்லை. 2018-ல் அது முதிர்ந்த பிப்ரவரி 14 சாம்பல் புதனாக இருந்தது. அவள் வீடு கத்தோலிக்க வீடு. காலைப் பூசை முடிந்து நெற்றியில் சாம்பல் சிலுவையோடு வந்து, சரி என்றாள். எரிந்த கட்சியா எரியாத கட்சியா என்று எனக்குக் கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. அப்புறம் நோட்டீஸ் கொடுத்தோம். பலகையில் ஒட்டிய மூன்றாம் நாள் யாரோ பார்த்து ஆம்பூரில் அவள் அம்மாவிடம் சொல்லிவிட்டார்கள். நாங்களாக நேரில் போய்ச் சொல்வதாக இருந்தது. அதற்கு முன் பலகை சொல்லிவிட்டது. அம்மா சத்தம் போடவில்லை. "எனக்குக் கொஞ்சம் டைம் குடு" என்று மட்டும் சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டார்.

அந்த டெபாசிட் இன்னும் இருக்கிறது. இப்போது இருவர் பெயரிலும். 'இருவரில் ஒருவர் அல்லது உயிருடன் இருப்பவர்' என்ற நிபந்தனையில். படிவத்தில் அந்த வரியை எத்தனையோ தம்பதிகளுக்காக டிக் செய்திருக்கிறேன். எங்களுக்காகச் செய்தபோது ரதியின் ஞாபகம் வந்தது. முதிர்வு நாளில் தானாகவே புதுப்பித்துவிட பாங்கில் வசதி உண்டு. எங்களுக்கு அது வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம். ஒவ்வொரு பிப்ரவரி 14-ம் இன்னும் ஒரு வருடம் போடலாமா என்று அவளைக் கேட்கவேண்டும், அவள் யோசிக்கவேண்டும், கையெழுத்துப் போடவேண்டும். 2021-ல் ஞாயிற்றுக்கிழமை வந்ததால் மறுநாள் போட்டோம். அந்த ஒரு நாள் நாங்கள் எந்தக் கணக்கிலும் இல்லை என்று அவள் சிரித்தாள். 2024-ல் மறுபடி சாம்பல் புதன். அன்று உபவாசம் என்பதால் வெறும் டீயோடு கையெழுத்தானது. வட்டி ஒரு சினிமாவுக்குப் போய்வரக்கூடக் காணாது. எங்கள் காதலர் தினத்தின் முதல் சடங்கு இது.

இரண்டாவது சடங்கு சாயங்காலம், ஏரிக்கரையில். மதகின் பக்கத்தில் உட்கார்ந்து வறுத்த வேர்க்கடலை தின்போம். கொக்குகளும் நீர்க்காகங்களும் கூடடையத் திரும்புகிற நேரத்தில் அவள் ஆம்பூருக்குப் போன் செய்வாள். வருடத்துக்கு ஒரு தடவை, அன்று மட்டும். மணி முழுக்க அடித்து நின்றுவிடும். மறுபடி போடமாட்டாள். ஒரு வருடம் எடுத்தார்கள். பேச்சு இல்லை, பின்னால் குக்கர் விசில் சத்தம். இரண்டு விசில் கேட்டோம். பிறகு வைத்துவிட்டார்கள்.

நண்பர்கள் இதைக் கேட்டுவிட்டு, இத்தனை வருடம் பேசாத அம்மாவை நினைத்து ஏன் உங்கள் நாளைக் கெடுத்துக்கொள்கிறீர்கள் என்கிறார்கள். உறவு முறிந்துவிட்டது என்று முடிவு கட்டச் சொல்கிறார்கள். என் மனைவி அப்படிச் சொல்ல விடுவதில்லை. நான் கேட்ட டைம் எனக்குக் கிடைத்தது, அம்மா கேட்ட டைம் அவளுக்கு நடக்கிறது என்கிறாள். ஒரு பண்டிகைக்கு இதைவிடத் தெளிவான உரை எனக்குத் தெரியாது. அம்மாவின் நம்பர் இன்னும் அதேதான், மாற்றவில்லை.